கழிசல் குவியலில் ஓர் இட்லி

"நீ இன்னுமா அதை விளையாடலை?" என்று அக்கா கேட்டாள். 2024 ஏப்ரல். டொரோன்டோவில் அவளுக்குக் காலை, ஏற்காட்டில் எனக்கு இரவு.

"எதை?"

"வெண்பா."

"அது யாப்பிலக்கணம்தானே?"

அக்கா சிரித்தாள். "வீடியோ கேமுடா. இங்க டொரோன்டோவுல நம்ம பையன் ஒருத்தன் ஆரம்பிச்சது. லண்டன்ல அவார்டு குடுத்திருக்காங்க. நீதான் ராத்திரியெல்லாம் அந்தக் கடையிலயே கிடக்கிறியே, கண்ணுல படலையா?"

படவில்லை. கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடையை மூன்று வருடமாக அலமாரி அலமாரியாகத் துழாவியவன் நான். தள்ளுபடி நாட்களில் விடிய விடிய உட்கார்ந்து பட்டியல் போட்டவன். அப்படி ஒரு பெயர் என் திரையில் வந்ததே இல்லை. "அது இங்க இல்லக்கா" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. அது பொய்யில்லை. என் கடையில் அது இல்லைதான். ஆனால் அதை அங்கிருந்து எடுத்து வெளியே போட்டவன் நானே என்பது, போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

2020-ல் ஊரடங்கு வந்ததும் வெளியூரில் பார்த்த வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, நாகலூர்ப் பக்கம் அம்மா தனியாக இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நாலு ஏக்கர் காப்பி. நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக் கொடி, வீட்டையொட்டி இரண்டு பலா. மாலை ஐந்தரைக்கெல்லாம் மேகம் களத்தில் இறங்கிவிடும். பக்கத்து வீட்டு விளக்கு தெரியாது. ஏழு மணிக்கே ஊர் உறங்கினாற்போல் இருக்கும். நாற்பதைத் தாண்டிய ஒருவன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? சிலர் சீட்டாடுவார்கள். நான் மடிக்கணினியில் விளையாட ஆரம்பித்தேன். இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் "ஆபீஸ் வேலை" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது அதுதான்.

மலையில் வாங்குவது பெரிதல்ல. இறக்குவதுதான் பெரிது. ஐம்பது ஜிபி விளையாட்டு ஒன்று இறங்க எனக்கு மூன்று இரவு ஆகும். மழை பிடித்தால் நாலு. இடையில் மின்சாரம் போகும். அப்படிக் காத்திருந்து இறக்கிய முதல் விளையாட்டைத் திறந்தால், இருட்டு மாளிகையில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் தேடியது துப்பறியும் கதை. வாங்கியது பேய்க் கதை. கடைப் பக்கத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது என் அவசரம். அவள் திரும்பியபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கிய அம்மா எழுந்து வந்து, "ஆபீஸ்ல திட்டறாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் அந்தக் கடையில் காசைத் திரும்பக் கேட்கலாம். கேட்டேன், வந்துவிட்டது. மூன்று இரவின் டேட்டாவைத்தான் யாரிடமும் திரும்பக் கேட்க முடியவில்லை.

அதன் பிறகுதான் கழித்தல் குறியைக் கண்டுபிடித்தேன்.

அந்தக் கடையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்டீமை வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003-ல் தொடங்கியது. 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். 2024-ல் மட்டும் அங்கே புதிதாக வந்து இறங்கிய விளையாட்டுகள் 18,000-க்கும் மேல். நாளொன்றுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஆயுள் முழுக்கப் பெயரை மட்டும் படித்தாலும் தீராது. ஆகவே எல்லாவற்றுக்கும் 'டேக்' என்ற சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: புதிர், விவசாயம், பந்தயம், பேய், சமையல் என்று நானூறுக்கும் மேல். இந்தச் சீட்டுகளை விளையாட்டைச் செய்தவர்கள் மட்டும் ஒட்டுவதில்லை. 2014 முதல் விளையாடுகிறவர்களும் ஒட்டலாம். பலர் ஒட்டிய சீட்டு மேலே ஏறும், சிலர் ஒட்டியது கீழே நிற்கும்.

தேடல் பக்கத்தில் ஒரு சீட்டைத் தொட்டால் அந்த வகை மட்டும் வரும். அதே சீட்டின் ஓரத்தில், சுட்டியைக் கொண்டுபோனால் மட்டும் கண்ணில் படும் ஒரு சின்னக் கழித்தல் குறி இருக்கிறது. அதைத் தொட்டால் அந்த வகை மட்டும் வராது. 'விவசாயம் வேண்டும், பேய் வேண்டாம்' என்று இரண்டையும் சேர்த்தும் சொல்லலாம். இது போக, கணக்கின் விருப்பங்களில் பத்துச் சீட்டுகள் வரை நிரந்தரமாக ஒதுக்கிவைக்கலாம். பரிந்துரைகளில் அவற்றுக்கு இடமிருக்காது.

முதல் நாள் 'பேய்' சீட்டின் கழித்தலைத் தொட்டபோது உண்டான நிம்மதி இருக்கிறதே! பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொண்ட மாதிரி. இனிமேல் ஒட்டாது.

இரண்டாவதாக 'பேட்டில் ராயல்' போயிற்று. நூறு பேரை ஒரு தீவில் இறக்கி, கடைசி ஆள் நிற்கும்வரை சுட்டுக்கொள்ளும் வகை. பெயர், 2000-ல் வந்த ஜப்பானியப் படத்திலிருந்து வந்தது. எங்கள் மலை இணையத்தில் நான் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் என்னைப் புதைத்துப் புல்லும் முளைத்திருக்கும். மூன்றாவது 'ரோக்லைக்'. செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், போன தடவை பார்த்த வழி இந்தத் தடவை இருக்காது. 1980-ல் வந்த 'ரோக்' என்ற பழைய விளையாட்டின் வாரிசுகள். என் வயதுக்கு அவ்வளவு மறுபிறவி ஆகாது. அதைத் தள்ளியும் பாதி வந்துகொண்டே இருந்தது. பார்த்தால் 'ரோக்லைட்' என்று இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளையாடுகிறவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. சித்தப்பா மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் பத்திரிகை வைப்பதுபோல் இருவரையும் தனித்தனியாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

இதுவரை செய்ததில் தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது: அம்மாவின் தூக்கம், மலையின் இணையம், என் பொறுமை. தப்பு அதற்குப் பிறகு தொடங்கியது. தள்ளுவதில் ஒரு ருசி இருக்கிறது. ஒவ்வொரு கழித்தலுக்கும் பட்டியல் ஆயிரக்கணக்கில் குறைவதைப் பார்க்கையில் நாம் ஏதோ பெரிய ரசனைக்காரர் ஆகிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். 'கேஷுவல்', அதாவது சும்மா பொழுதுபோக்கு: போ. பொம்மைப்படத்தை ஓட்டிக் கதை சொல்லும் வகை: போ. ஒரு மழை இரவில் 'சமையல்' சீட்டு கண்ணில் பட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அடுப்பங்கரை விளையாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? சின்னப் பெண்கள் ஆடும் சொப்பு விளையாட்டு. கழித்தேன்.

இதற்கு நான் இணையத்தையோ வயதையோ சாக்குச் சொல்ல முடியாது. அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் செய்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்தத் தேடல் பக்கத்தை அப்படியே உலாவியில் குறித்து வைத்துக்கொண்டேன். தினமும் கடைக்குள் நுழைவது அந்தக் கதவு வழியாகத்தான். முகவரியின் வாலில், நான் தள்ளிய சீட்டுகளெல்லாம் எண்களாக ஒட்டிக்கொண்டிருந்தன. எந்த எண் எந்தச் சீட்டு என்று யார் பார்க்கிறார்கள்? தள்ளியதை மறந்தேன். கொஞ்ச நாளில், தள்ளினேன் என்பதையும் மறந்தேன். கண்ணுக்கு எதிரே இருப்பதுதான் முழுக் கடை என்று ஆகிவிட்டது. மூன்று வருடம்.

இதில் கேலி என்னவென்றால், இதே பாடத்தை அம்மா எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை எடுத்திருந்தாள்.

ஊர் திரும்பிய முதல் அறுவடை, 2020 டிசம்பர். பழுத்ததில் பெரும்பகுதி வியாபாரிக்குப் போய்விடும். வீட்டுச் செலவுக்கென்று கொஞ்சத்தை அம்மா தோலோடு களத்தில் காயப்போட்டு, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, திண்ணையில் உட்கார்ந்து பொறுக்குவாள். பள்ளிக்கூடக் காலமெல்லாம் விடுதியில் கழிந்ததால் எனக்கு அந்த வேலை புதிது. அம்மா சொன்னது இவ்வளவுதான்: "கறுத்தது, உடைஞ்சது, பூச்சி துளைச்சது மூணையும் தள்ளு." நான் சுறுசுறுப்பாகத் தள்ளினேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு படி கழிசல் சேர்ந்தது. அம்மா அதை அள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி முறத்தில் கொட்டினாள். விரல் கிளற ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தாள். எல்லாம் குண்டு குண்டாக, பட்டாணி மாதிரி.

காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை. ஒன்றையொன்று பார்த்தபடி ஒட்டியிருப்பதால் உள்பக்கம் தட்டையாக இருக்கும். எப்போதாவது ஒரு பழத்தில் ஒன்றுதான் விளையும். இடம் முழுக்கத் தனக்கே என்பதால் அது உருண்டுவிடும். காப்பித்தூள் கடையில் 'பிளாண்டேஷன் ஏ' பக்கத்திலேயே 'பீபெர்ரி' என்று எழுதி வைத்திருப்பார்களே, அதுதான். தனியாகப் பிரித்து, விலையும் வைத்து விற்பார்கள். சாய்ந்த பலகையில் விட்டால் தட்டைக் கொட்டை நிற்கும், இது உருண்டோடும். பிரிப்பது அவ்வளவு சுலபம். தட்டையாக இல்லாததெல்லாம் ஊனம் என்று நானே ஒரு நாலாவது விதியைச் சேர்த்துக்கொண்டு, இருப்பதில் விசேஷமானதைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"இது கெட்டதில்ல கண்ணு. வேற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

அன்றைக்குத் தலையாட்டினேன். அடுத்த வருடமே திரையில் நாலாவது விதி, ஐந்தாவது விதி எல்லாம் போட்டுக்கொண்டேன்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைத் தலையிலும், நெய்யரியைக் கடையிலும் வைத்தார். நெய்யரி என்றால் பன்னாடை, நெய் வடிகட்டுவது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தமிழாசிரியர் இதை வகுப்பில் நடத்தியபோது யாரைச் சொல்கிறார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பதில் முப்பது வருடம் கழித்து வந்தது.

அக்காவிடம் பேசிய அந்த ஏப்ரல் இரவு, குறித்து வைத்த கதவை விட்டுவிட்டு முன்வாசல் வழியாகக் கடைக்குள் போனேன். பெயரைத் தட்டினேன். முதலாவதாகவே வந்து நின்றது. 2023 ஜூலை 31-லிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. டொரோன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கனடா போய்க் குடியேறும் வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை. கதையை நகர்த்துவது அவள் சமையல். அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட பழைய சமையல் நோட்டு கிழிந்து மங்கிப் போயிருக்கிறது. அழிந்த வரிகளை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி. அக்கா சொன்ன விருது, 2024-ன் பாஃப்டா: முதல் படைப்புக்கானது. சுயாதீனப் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவிலும் அந்த வருடத் தலைப் பரிசு இதற்கே. கீழே சீட்டுகளைப் பார்த்தேன். சமையல்.

உலகமெல்லாம் பார்த்த ஒரு தமிழ் அடுப்படியை, தமிழ் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் தள்ளி வைத்திருந்தேன்.

உடனே வாங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. வாங்கவில்லை. வீம்பு. அக்கா சொல்லி வாங்குவதா என்று ஒரு பக்கம். வாங்கினால் மூன்று வருடத் தேர்வெல்லாம் தப்பென்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று இன்னொரு பக்கம். கழித்தல் குறியை எடுக்கக்கூட இல்லை. காப்பி பூத்துத் தோட்டம் முழுக்க மல்லிகை மாதிரி மணந்தது. சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில் வந்து போனது. காய் பிடித்தது. மழை தொடங்கியது.

நவம்பரில் ஒரு ராத்திரி அம்மா மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, அணைத்த விறகடுப்பின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்படிச் செய்யாவிட்டால் இந்தக் குளிரில் மாவு புளிக்காது. காலையில் இட்லி கல்லாகும். அதைப் பார்த்ததும் அக்கா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கனடா போன முதல் குளிர்காலத்தில் மூன்று முறை மாவு வீணானதாம். கடைசியில் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, உள்ளே பாத்திரத்தை வைத்துப் புளிக்கவைத்தாளாம். "அம்மா கம்பளியை நெனச்சுக்கிட்டேன்டா" என்றிருந்தாள். அன்றைக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சமையல் பேச்சு. அங்கேயும் ஒரு கழித்தல் குறி போட்டுத்தான் வைத்திருந்திருக்கிறேன் போலும்.

அன்று இரவு வாங்கினேன். அளவில் சின்ன விளையாட்டு. ஒரே ராத்திரியில் இறங்கியது. மறுநாள் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "ஆபீஸ் வேலை" என்ன என்பதையும் அப்போதுதான் சொன்னேன். "தெரியும்" என்றாள். "ஆபீஸ்ல யாரு ராத்திரி பன்னெண்டு மணிக்குக் குதிரை ஓட்டறாங்க?"

முதல் பாடமே இட்லி. நோட்டில் பாதி வரி அழிந்திருக்கிறது. தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு தடவை தப்பாக அடுக்கினேன். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். "குழி மேல குழி வெச்சா மேல இருக்கறது கீழ இருக்கறத அமுக்காதா? மாத்தி வை." வைத்தேன். இட்லி வெந்தது. மொத்த விளையாட்டும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். கவின் வளர்ந்து வெண்பாவோடு தமிழில் பேசத் தயங்கும் இடங்களில் அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவும் சொன்னதால், கழித்தல் குறியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 18,000 வந்து விழும் இடத்தில் தள்ளத் தெரியாதவன் ஒன்றையும் எடுக்க மாட்டான். அம்மாவும் கறுத்ததையும் துளைத்ததையும் தள்ளத்தான் சொன்னாள். இன்றும் என் பட்டியலில் நாலு குறிகள் இருக்கின்றன. ஆனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் காப்பிக் கணக்கு எழுதும் டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. "பேய்: அம்மா தூக்கம்." "பேட்டில் ராயல்: இணையம்." "ரோக்லைக், ரோக்லைட்: பொறுமை இல்லை, ஐம்பது வயதில் மறுபடி பார்க்க." ஒரு வரியில் காரணம் எழுத முடியாததைத் தள்ளுவதில்லை. சமையலுக்கு அந்த வரியை எழுத உட்கார்ந்து பார்த்தேன். எழுதக்கூடியதாக எதுவும் வரவில்லை.

இன்னொன்று: சீட்டுகள் பலர் கைபட்டவை. புதிதாக வந்த விளையாட்டில் செய்தவர்கள் ஒட்டிய சீட்டு மட்டுமே இருக்கலாம். தள்ளிய வகையும் நழுவி உள்ளே வரும். நாலு பேர் வேடிக்கைக்கு ஒட்டிய சீட்டால் நல்லதும் வெளியே போகும். சீட்டு வழிகாட்டும், தீர்ப்புச் சொல்லாது. ஆகவே அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும் வாரத்தில் ஒரு ராத்திரி எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, வெறும் கடைக்குள் நடந்து பார்க்கிறேன். குறித்து வைத்த பழைய கதவை அழித்துவிட்டேன்.

1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியை மட்டும் கொண்டுவரவில்லை. ஆரஞ்சு, ஆப்பிள் என்று பலதையும் வைத்துப் பார்த்தார். எது நிற்கும் என்று மலை முடிவு செய்தது. அவர் ஒரு பட்டியலோடு மலையேறியிருந்தால் என் நாலு ஏக்கரில் இன்று என்ன இருக்குமோ.

விளையாடி முடித்த அந்த இரவு அக்காவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். விருதைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"ஏன் கண்ணு, அந்தப் பொண்ணு வெண்பா, உங்க ஊர்ப் பனியில மாவை எங்க வெச்சுப் புளிக்க வெச்சாளாம்? அத மட்டும் காட்டவே இல்ல."